சுகம் கேட்டதாகச் சொல்லவும்

நாட்டின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர்; தேசாதிபதிகளின் அறிக்கைகளைப் புரட்டுவர்; கச்சேரிப் பதிவேடுகளுக்காகக் காத்து நிற்பர். அவை யாவும் வேண்டியனவே. ஆயின், பிழைப்புத் தேடித் தொலைதேசம் போன ஒருவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தைச் சரித்திர ஆதாரமென்று எண்ணுவோர் சிலரே. அதில் என்ன இருக்கிறது? பசு கன்று ஈன்றதா என்ற விசாரணை, மூத்த மகள் பெரியபிள்ளையான செய்தி, வேலித் தகராறு, இன்னாருக்கு இன்ன இடத்தில் பேசிய சம்பந்தம் குழம்பிய கதை, கடைசியில், எல்லாருக்கும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லவும் என்ற ஒரு வரி. வெறும் ஊர்க்கதை என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம்.

அந்த ஊர்க்கதையே உழைப்பாளியின் சரித்திரத்துக்கு உற்ற சான்று என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து. பொன் தோண்டப் போனவர்களின் கடிதங்களை முதலில் பார்ப்போம். பின்னர் நம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் வருவோம். நம்மிடையே பொற்சுரங்கம் இல்லை. ஆனால் பொன்னுக்காக ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் எழுதிய கடிதங்களும் உண்டு.

பொன் விலை பெற்ற கடிதம்

1848 ஜனவரி 24ஆம் நாள் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்னும் தச்சர், மரம் அறுக்கும் ஆலையொன்றின் கால்வாயிலே பொன் துணுக்குகளைக் கண்டெடுத்தார். செய்தி பரவிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் அங்கே திரண்டனர். அவர்களுள் ஒருவர் வில்லியம் ஸ்வெய்ன். நியூயோர்க் மாநிலத்து யங்ஸ்ரவுன் என்னும் ஊருக்கு அருகே பண்ணை வைத்திருந்த குடியானவர். தாய், சகோதரர் ஜோர்ஜ், மனைவி சப்ரினா, கைக்குழந்தை எலைசா ஆகியோரை விட்டு 1849 ஏப்ரல் 11ஆம் நாள் புறப்பட்டார். பல மாதங்கள் கண்டத்தைக் குறுக்கறுத்து நடந்து நவம்பர் மாதத்தில் கலிபோர்னியாவை அடைந்தார்.

போனவர் எழுதினார், இருந்தவர்களும் எழுதினார்கள். குழந்தையின் நோய், பண்ணையின் விளைச்சல், அயலவரின் நன்மை தீமை, ஊரில் பரவிய கொலரா எல்லாம் அக்கடிதங்களில் உண்டு. கணவனைப் போகவிட்டதை எண்ணி மனைவி வருந்தியதும் உண்டு. ஆற்றை மறித்து அணை கட்டி மணலைக் கிளறியும் கிடைத்த பொன் சொற்பமே என்பதை ஸ்வெய்ன் மெல்ல மெல்லத் தெரிவிக்கிறார். நீயும் இங்கு வர எண்ணாதே என்று சகோதரருக்குப் புத்தி சொல்கிறார். 1851ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீடு திரும்பியபோது அவர் கையில் இருந்தவை சில நூறு டாலர்களே.

அக்காலத்தில் ஒரு கடிதத்தின் விலை என்ன என்பதை நாம் அறிதல் வேண்டும். கிழக்குக் கரைக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே அரை அவுன்சு நிறையுள்ள கடிதத்துக்குத் தபாற்கட்டணம் 40 சதம். அது சான்பிரான்சிஸ்கோ தபாற்கந்தோர் வரையில் மட்டும். அங்கே நீண்ட வரிசையில் நின்றோர், வரிசையில் தாம் பிடித்த இடத்தையே விலைக்கு விற்றனர். சுரங்க முகாம்களுக்கு அங்கிருந்து தபால் போவதில்லை. அலெக்சாந்தர் ரொட் என்பவர் கடிதங்களைச் சேகரித்து முகாம்தோறும் கொண்டு சென்றார்; ஒரு கடிதத்தைக் கொடுப்பதற்கு ஓர் அவுன்சுப் பொன் கூலியாகப் பெற்றார். ஓர் அவுன்சுப் பொன் சுரங்கப் பகுதியில் 16 டாலருக்குச் செல்லுபடியாயிற்று. கிழக்கு மாநிலங்களில் ஒரு கூலியாளின் நாட்சம்பளம் ஒரு டாலர் அளவில் இருந்த காலம் அது.

அரைவாரம் பட்டினி கிடந்தேனும் அந்தப் பொன்னைக் கொடுத்துச் சுரங்கத் தொழிலாளி எதனை வாங்கினான்? பசு கன்று ஈன்ற செய்தியை வாங்கினான்; அயல்வீட்டுச் சண்டையை வாங்கினான். படித்தவர்கள் வம்பென்று தள்ளுவதற்கு அவன் பொன் நிறுத்துக் கொடுத்தான். ஏன்? தான் இல்லாத வீட்டில் தன் இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்பதற்கு அச்செய்திகளே அத்தாட்சி. வேலித் தகராறில் அவன் கருத்தைக் கேட்டு எழுதும்வரையில் அவன் அந்த வீட்டின் ஆள். கேட்பது நின்ற நாளில் அவன் பணம் அனுப்பும் ஓர் அந்நியன்.

ஸ்வெய்ன் ஒரு தளபதியல்லர், தலைவரல்லர், பொன்னிலும் தோற்றவர். எனினும் அவர் குடும்பத்தார் அக்கடிதங்களைப் பேணி வைத்தனர். அவை யேல் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. 1981 இல் ஹொலிடே என்னும் ஆசிரியர் அவற்றை ஆதாரமாகக் கொண்டு கலிபோர்னியப் பொன் வேட்டையின் சரித்திரத்தையே எழுதினார். ஒரு குடியானவரின் குடும்பக் கதை ஒரு காலத்தின் கதையாயிற்று.

சீனரின் கதையும் இத்தகையதே. தென்சீனத்துக் குவாங்டொங், பூஜியன் மாகாணங்களிலிருந்து தென்கிழக்காசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உழைக்கப் போனோர் பணத்தையும் கடிதத்தையும் ஒன்றாகவே அனுப்பினர். கொண்டுவந்தவரிடமே வீட்டார் மறுமொழியைக் கொடுத்தனுப்பினர். அதுவே பணம் சேர்ந்தமைக்குப் பற்றுச்சீட்டுமாயிற்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட அக்கடிதங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2013 இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கூலியாட்களின் குடும்பக் கடிதங்கள் மனித குலத்தின் சொத்தென்று ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டன.

கோலாரின் மௌனம்

நம் மொழி பேசிய பொற்சுரங்கத் தொழிலாளர் கதி என்னவாயிற்று? மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலில் 1880 முதல் லண்டன் ஜோன் டெய்லர் கம்பனியாரின் நிர்வாகத்தில் பெருஞ் சுரங்கங்கள் வெட்டப்பட்டன. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கோர்ன்வால் பிரதேசத்துச் சுரங்கத்தார் வந்தனர். தம் ஊர்ச் செப்புச் சுரங்கங்கள் நொடித்தமையால் உலகெங்கும் சிதறிய உழைப்பாளிகள் அவர்கள். ஆழத்தில் இறங்கிப் பாறையைப் பிளந்தோரிற் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவருள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தமிழர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. வெப்பமும் பாறை வெடிப்பும் நுரையீரலை அரிக்கும் தூசியும் அவர்களின் அன்றாட வாழ்வாயின.

ஒரே சுரங்கத்தில் இரு வகை மனிதர். இரு வகைக் கடிதங்கள். அயல்நாடு சென்ற சுரங்கத்தாரின் கடிதங்களைக் கோர்ன்வால் பத்திரிகைகள் அக்காலத்திலேயே பிரசுரித்தன; அங்குள்ள ஆவணக் காப்பகங்கள் குடும்பக் கடிதங்களைப் பேணுகின்றன. தமிழ்த் தொழிலாளியின் கடிதத்துக்கோ அத்தகைய காப்பகம் வாய்க்கவில்லை. அவர் எழுத்தறியாதவர் என்று கூறித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. 1907 இல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாச பண்டிதர் தொடங்கிய தமிழன் என்னும் வார இதழுக்குத் தங்கவயலில் வாசகரும் ஆதரவாளரும் நிறைந்திருந்தனர். பண்டிதர் 1914 இல் மறைந்தார். பின்னாளில், 1926 முதல், அவ்விதழ் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு சில ஆண்டுகள் வெளிவந்தது. பத்திரிகை நடத்திய ஊரை எழுத்தறியாத ஊரென்று எவ்வாறு கூறுவது? கையெழுத்துப் போடத் தெரியாதவரும், தெரிந்தவரை எழுதச் சொல்லி வீட்டுக்குச் செய்தி அனுப்புவது நம் நாடுகளில் எங்கும் உள்ள வழக்கம்.

கடிதம் இல்லாமற் போனமைக்குக் காரணம் எழுத்தறியாமையன்று, வைப்பதற்கு இடமின்மையே. மூங்கிற் பாயால் அடைத்த குடிசையில் எழுதப்பட்டு, கூரை ஒழுகும் சேரிக் குடிசையில் வாசிக்கப்பட்ட தாள் எத்தனை மழைக்குத் தாங்கும்?

கம்பனி ஆவணங்களோ பத்திரமாக இருந்தன. 1930 இல் தொழிலாளர் யாவரின் கைரேகையையும் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டபோது தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. முதலாளிக்குத் தொழிலாளி ஒரு விரல் அடையாளம். தன் ஊருக்கோ அவன் இன்னாரின் மகன், இன்னாரின் மைத்துனன், இன்ன பிள்ளையின் தகப்பன். இந்த இரண்டாவது அடையாளம் கடிதத்தில் மட்டுமே வாழ்ந்தது. 1946 நவம்பர் 4ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் மாண்டனர். ஆறு என்ற எண் ஏட்டில் நிற்கிறது. அச்செய்தி எட்டிய வீடுகளில் எழுந்த ஓலம் எந்த ஏட்டிலும் இல்லை. 2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் எடுத்த கணக்கு எஞ்சியது. எடுத்தவர் குரல் எஞ்சவில்லை.

வாவிக்கரைக் கடிதங்கள்

கோலார் இழந்ததை நாமும் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதனாலேயே இத்தனையும் சொல்ல நேர்ந்தது. எழுவான்கரையில் கடலும் மீனும், படுவான்கரையில் வயலும் மாடும் என்று வாழ்ந்த நம் மக்கள், 1970களின் பிற்பகுதி தொட்டு மத்திய கிழக்கு நாடுகளுக்குப் புறப்படலாயினர். சவூதி அரேபியா, குவைத், கட்டார் என்னும் பெயர்கள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் வாழைச்சேனையிலும் வீட்டுச் சொற்களாயின. முதலில் ஆண்கள், விரைவிலேயே பெண்கள். காதிலும் கழுத்திலும் கிடந்தது ஈட்டுக்கடைக்குப் போயிற்று. அதனை மீட்கவே பலர் கடல் கடந்தனர். கோலாரிலே பூமிக்கடியில் தேடிய பொன்னை நம் பெண்கள் அந்நியர் சமையலறையில் தேடினர்.

அவர்கள் அனுப்பிய நீல விமானக் கடிதங்கள், ஊர் திரும்புவோர் கையிற் கொடுத்தனுப்பிய தாள்கள், குரல் பதித்த கசற்றுகள் ஆகியவற்றுக்கு ஒரு மரபு உண்டு. சைவ வீட்டில் நலம், நலமறிய அவா என்றும், முஸ்லிம் வீட்டில் சலாம் கூறியும் தொடங்கும். பின் பணம் எவ்வளவு அனுப்பப்பட்டது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. அதன் பின்னரே உண்மையான கடிதம் ஆரம்பமாகும். கிணற்றுக்குக் கட்டுக் கட்டியாயிற்றா? தம்பி பாடசாலைக்கு ஒழுங்காகப் போகிறானா? பக்கத்து வளவுக்காரர் எல்லைக் கட்டையை நகர்த்தினார்களாமே, உண்மையா? பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கு நம் வீட்டார் போனார்களா?

இவற்றின் பொருளை உணர நம் பிரதேசத்தின் குடும்ப அமைப்பை மனத்திற் கொள்ள வேண்டும். இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்வன. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். குடியென்னும் வழியுரிமையும் தாய்வழியே வருவது. ஆதலால் வெளிநாடு போன கணவனின் கடிதம் மாமியார் வீட்டுக்கே வரும். அவனைப் பெற்ற தாய் மகனின் செய்தியை மருமகள் வாயிலாகவே அறிவாள். அந்தத் தாய்க்குத் தனிக் கடிதம் வந்ததா, மருமகளுக்கு எழுதியதில் ஒரு வரி மட்டுமா என்பதே இரு வீட்டு உறவின் அளவுகோலாகிவிடும். மனைவியே போனாலோ, வீட்டின் உடைமைக்காரியே வீட்டில் இல்லை. பிள்ளைகள் அம்மம்மாவின் பொறுப்பு. கடிதத்தின் முதற்பெயரும் அம்மம்மாவின் பெயரே. யாரிடம் பணத்தை ஒப்படைப்பது, யாருக்கு எதனை மறைப்பது என்ற குடும்ப அரசியலெல்லாம் விலாசத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசியில் வரும் சுகம் கேட்ட பட்டியலே கடிதத்தின் உயிர்நிலை. மாமிக்கு, மச்சாளுக்கு, பெரியப்பாவுக்கு, மூத்தம்மாவுக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று பெயர் பெயராக நீளும். ஒவ்வொரு பெயரும் ஓர் உறவுக் கணக்கு. போன முறை இருந்த பெயர் இம்முறை இல்லையென்றால் ஏதோ குழப்பம் நேர்ந்திருக்கிறது. புதிதாக ஒரு பெயர் நுழைந்தால் ஏதோ சம்பந்தம் கனிந்து வருகிறது. கடிதத்தை உரத்து வாசிக்கச் சுற்றியிருந்து கேட்போர் தத்தம் பெயருக்காகக் காத்திருப்பர். ஆண்டு வரிசையாக அடுக்கிய பத்துக் கடிதங்களின் கடைசிப் பந்தியை மட்டும் படித்தால் போதும்; ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சரித்திரம் கையில் வந்துவிடும்.

எழுதாமல் விட்டதும் சரித்திரமே. இங்கு எனக்கு ஒரு குறையுமில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்ப எழுதியவர்கள், உறக்கமற்ற இரவையும் கொடுபடாத சம்பளத்தையும் வீட்டாருக்கு மறைத்தனர். பசுவையும் கிணற்றையும் பற்றி இரண்டு பக்கம் கேட்ட ஒருத்தி தன்னைப் பற்றி அரை வரிதான் எழுதுகிறாள் எனில், அந்த அரை வரியின் பாரத்தை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட செய்தி

யுத்த காலத்தில் கடிதத்தின் தன்மையே மாறிற்று. வாவியின் ஒரு கரை அரச படைகளிடமும் மறுகரை பெரும்பாலும் இயக்கத்திடமும் இருந்த ஆண்டுகள் பல. மண்முனைத்துறையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரையில் அவ்விடத்தே வாவியைக் கடக்கப் படகே துணை. காணாமற் போனோரும் தடுத்து வைக்கப்பட்டோரும் இடம்பெயர்ந்தோருமாக ஊர் சிதறியபோது, 1989 தொட்டு இந்நாட்டிற் பணியாற்றிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, பிரிந்த குடும்பத்தாரின் செய்திகளைக் கொண்டு சென்றது. அந்தச் செய்தித்தாள் மூடி ஒட்டப்படுவதில்லை, அதிகாரிகள் வாசிப்பர். அதற்கு ஒரே ஒரு விதி: குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம்.

இவ்விதியைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். அரசியலை எழுதலாகாது, இடத்தை எழுதலாகாது, படையை எழுதலாகாது. பசு கன்று ஈன்றதை எழுதலாம். அதிகாரத்தின் கண்ணில் குடும்பச் செய்தி தீங்கற்றது, பொருளற்றது. ஆதலாலேயே அது அனுமதிக்கப்பட்டது. தடுப்பு முகாமில் இருந்த மகனுக்கோ அந்தப் பசுவே வீடு. மகனின் எழுத்தைக் கண்ட தாய்க்கோ, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலும், அவன் உயிரோடு இருக்கிறான் என்பதே செய்தி. கலிபோர்னியத் தொழிலாளி ஓர் அவுன்சுப் பொன் கொடுத்து வாங்கிய பொருளும் இதுவே.

வம்பின் மறுபக்கம்

ஊர்க்கதையைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் நாம் உண்மைக்கு மாறு செய்தவராவோம். அன்பைச் சுமந்த அதே கடிதம் நஞ்சையும் சுமந்தது. மனைவியின் நடத்தை பற்றிக் கணவனுக்கு மொட்டைக் கடிதம் போட்டவர்கள் உண்டு. வெளிநாடு போன பெண்ணைப் பற்றி வாய் கூசாமற் பேசிய ஊர்கள் உண்டு. அவள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே அவளைத் தூற்றியவர்களும் உண்டு. ஆண் போனால் உழைக்கப் போனான்; பெண் போனால் குடும்பத்தை விட்டுப் போனாள். இந்த ஓரவஞ்சனைக்கு வம்பு ஒரு கருவியாயிற்று.

அவ்வம்பு அரச படிவமாகவும் உருவெடுத்தது. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் 2005 இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமி. 2013 ஜனவரி 9ஆம் நாள் அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியில், வீட்டு வேலைக்கு வெளிநாடு செல்லும் பெண்ணின் குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போதல் தடுக்கப்பட்டது. 2022 இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. தகப்பனுக்கு இத்தகைய தடை இருக்கவில்லை. பொய்க் கடவுச்சீட்டு முடித்த தரகு வேலைக்கும் வறுமைக்கும் கேட்கப்பட வேண்டிய கேள்வி, தாயின் வீட்டுவாசலில் வந்து நின்றது. கோலாரில் கம்பனி தொழிலாளியின் விரலைக் கேட்டது. இங்கே அதிகாரம் பெண்ணின் குடும்பக் கதையையே கேட்டது. தன் கதையைத் தானே எழுதும் உரிமை உழைப்பாளிக்கு இல்லாதபோது பிறர் எழுதும் கதை அவளுக்கு விலங்காகிறது.

செய்யத்தக்கது

1978 நவம்பரில் வீசிய சூறாவளி நம் ஊர்களின் கூரைகளையெல்லாம் பிடுங்கிற்று. 1990களின் இடப்பெயர்வில் உயிரைத் தவிர வேறொன்றையும் தூக்கிக்கொள்ள நேரமிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுவான்கரை வீடுகளைக் கொண்டு போயிற்று. இத்தனைக்கும் தப்பிய கடிதக் கட்டுகள் இன்னும் சில றங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. இன்று கடிதம் எழுதுவார் இல்லை. கைத்தொலைபேசியில் குரல் வருகிறது, முகம் வருகிறது, தொலைபேசி பழுதானால் எல்லாம் போய்விடுகிறது. ஆகவே எஞ்சியிருக்கும் தாள்களின் அருமை முன்னிலும் அதிகம்.

இவற்றைக் காப்பாற்றப் பெரும் பணம் வேண்டியதில்லை. கடிதத்தை உறையோடு வைத்தல், திகதியும் ஊரும் குறித்தல், எழுதியவருக்கும் பெற்றவருக்கும் என்ன உறவென்று ஒரு தாளில் எழுதி இணைத்தல், கறையான் அணுகாத இடத்தில் பேணுதல் ஆகிய இவ்வளவே. 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப் படிகளாக்கிப் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் நம்மிடையே உள்ளன. நூலும் பத்திரிகையும் போலவே குடும்பக் கடிதமும் அத்தகைய பாதுகாப்புக்குரியதே. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. உடையவரின் சம்மதமின்றி ஒரு வரியும் வெளிவரலாகாது. உயிரோடிருப்போரின் பெயரை மறைக்க வேண்டிய இடத்தில் மறைத்தேயாக வேண்டும். இல்லையேல் நாமும் மொட்டைக் கடிதக்காரரின் இனமாகிவிடுவோம்.

வகுப்பறையில் நாம் வெளிநாட்டிலுள்ள மாமனுக்குக் கடிதம் எழுதுக என்று மாணவருக்குப் பணித்து, அச்சடித்த மாதிரியை மனனம் செய்விக்கிறோம். அதே மாணவியின் வீட்டில் தாயோ அம்மம்மாவோ எழுதிய உண்மைக் கடிதம் ஒன்று இருக்கக்கூடும். மாதிரியை மூடிவைத்து, வீட்டில் அத்தகைய தாள் உண்டாவென்று கேட்டுவரச் சொல்வது சரித்திர பாடத்துக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் ஒருங்கே நல்ல தொடக்கமாகும்.

அரசர்கள் தம் வெற்றியைக் கல்லில் வெட்டுவித்தனர். கம்பனிகள் தம் இலாபத்தைப் பேரேட்டில் எழுதுவித்தன. உழைக்கும் மக்கள் தம் வாழ்வை நீலத்தாளின் இரு புறமும், ஓரத்திலும்கூட இடம் விடாமல், நெருக்கி எழுதினர். அக்கடிதங்களில் சுகம் கேட்கப்பட்டவர்களின் பட்டியலே நம் நாட்டின் உண்மையான குடிசனக் கணக்கு. அதனை இழந்துவிட்டு எழுதப்படும் மட்டக்களப்புச் சரித்திரத்தில் வாவி இருக்கும், கோட்டை இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்.